வடகடற் செலவு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் மனைவியாரும் நார்வே நாட்டின் கடற்கரையை ஒட்டிக் கப்பலிற் சென்று மீண்ட செய்தியை இக்கூட்டத்தில் எடுத்துரைக்க வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் எமக்குக் கடலைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று முதலில் தயங்கினோம். ஆயினும், யாம் புறப்படுமுன்னரே இவ்விஷயம் நம்மவர் இல்லங்களில் வேண்டிய அளவு பேசப்பட்டுவிட்டதென்பதை அறிவோம். எனவே, எம் வாய்மொழியாகவும் ஒருமுறை நீங்கள் கேட்டுவிடுவது நலமென்று துணிந்து நிற்கின்றோம்.

'செலவு' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் பயணம் என்பது பொருள். பணம் கையை விட்டுப் போவதும் ஒரு பயணமே ஆதலின், மற்றப் பொருளும் பின்னர் வந்து சேர்ந்தது போலும். எம் உறவினர்க்கு இவ்விரண்டாம் பொருளே முன்னின்றது. "மகள் கல்லூரியிற் படிக்கின்றாள். அவளுக்கு நாலு சவரன் வாங்கி வைக்கலாகாதா? புண்ணியம் வேண்டுமாயின் காசி இல்லையா, இராமேசுவரம் இல்லையா? பனிக்கடலில் என்ன இருக்கின்றது?" என்று எம் சிறிய தந்தையார் கேட்டார்கள். கேள்வியிற் பிழையில்லை. கப்பற் கட்டணத்தை எம் மைத்துனர், அதாவது பெர்கன் நகரிற் பொறியாளராயிருக்கும் எம் மனைவியாரின் தம்பி, தாமே செலுத்திவிட்டார். விமானக் கட்டணம் எம்முடையது. ஈராண்டுச் சேமிப்பு அதிற் கரைந்தது. இதனை மறைக்க வேண்டுவதில்லை.

காரணத்தையும் மறைக்க வேண்டுவதில்லை. எம் அன்னையார் எட்டு ஆண்டுகள் படுக்கையிற் கிடந்து, சென்ற ஆண்டு தைத் திங்களில் இறைவனடி சேர்ந்தார்கள். அவ்வெட்டு ஆண்டுகளில் எம் மனைவியார் ஓர் இரவேனும் வேற்றூரில் தங்கியதில்லை. உடன்பிறந்தான் திருமணத்திற்கும் காலையிற் சென்று மாலையில் மீண்டார். யாமோ, இலக்கிய விழா என்றும் விடைத்தாள் திருத்தம் என்றும் ஊர்தோறும் சென்று மாலையும் சால்வையுமாக வந்துகொண்டிருந்தோம். அன்னையார் மறைந்த பின்னரும் அவர் நாள்தோறும் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். அது மருந்து வேளை. மருந்து உண்பார் இல்லை. வேளை மட்டும் நின்றுவிட்டது. இதனைக் கேட்டறிந்த தம்பியார்தாம் இச்செலவை ஏற்பாடு செய்தார். எமக்கு அது தோன்றவில்லை என்பதையும் சபையோர் முன் ஒப்புக்கொள்கின்றோம்.

இனிக் கப்பலைப் பற்றிச் சிறிது கூறுவோம். யாம் ஏறியது ஆடலும் பாடலும் சூதாட்டமும் நிறைந்த உல்லாசக் கப்பல் அன்று. பெர்கன் நகர்தொட்டு, உருசிய எல்லையருகே உள்ள கிர்க்கனஸ் வரை முப்பத்துநான்கு துறைகளிலும் நின்று நின்று செல்லும் பொதுமக்கள் கப்பல் அது. போக ஆறு நாள், வர ஐந்து நாள். நம்மூர்ப் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, பால் வியாபாரியையும் பள்ளிப் பிள்ளையையும் ஏற்றி இறக்குவது போலவே, அக்கப்பலும் நள்ளிரவிலும் ஒரு சிற்றூர்த் துறையில் கால்மணி நேரம் நின்று, இரண்டு பேரை இறக்கி, நாலு பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விடும். அந்நாட்டு மொழியில் இதன் பெயர்க்கு 'விரைவழி' என்பது பொருள்.

இது தோன்றிய வரலாறு அறியத்தக்கது. முன்னாளில், திரண்ட்ஹெய்ம் நகரிலிருந்து வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்ட் ஊருக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரமும், மாரியிற் பல மாதங்களும் ஆகுமாம். மாரிக்கால இருள், ஆயிரக்கணக்கான பாறைத் தீவுகள், அரைகுறையான கடற்படங்கள், எண்ணிவிடக்கூடிய சில கலங்கரை விளக்கங்கள். இவ்வழியில் இரவிற் கப்பல் செலுத்துவது மதியீனம் என்று கம்பெனிகள் பின்வாங்கின. ரிச்சர்ட் வித் என்னும் மாலுமி ஒருவரே முன்வந்தார். அவரும் அவருடைய வழிகாட்டியும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எத்திசையில், எவ்வேகத்தில், எத்துணை நேரம் செல்லவேண்டும் என்பதைத் திசைகாட்டியாலும் கடிகாரத்தாலும் அளந்து பல்லாண்டுகள் குறித்து வைத்திருந்தனர். அக்குறிப்பேட்டை நம்பி, 1893-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் 'வெஸ்தரோலன்' என்னும் நீராவிக் கப்பல் திரண்ட்ஹெய்மிலிருந்து புறப்பட்டது. கடிதம் அதன்பின் சில நாட்களிற் சென்றது. கண்ணுக்கு வழி தெரியாத இடத்திற் கணக்கை நம்பிச் சென்ற அம்மனிதரை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு மேலிடுகின்றது. இன்று கடிதம் வேறு வழியிற் செல்கின்றது. 2021 முதல் இரண்டு கம்பெனிகள் இப்பணியைப் பகிர்ந்து நடத்துகின்றன. கப்பல் மட்டும் நாள் தவறாது போகின்றது.

மே மாதம் 15-ஆம் நாள் மாலை பெர்கனில் ஏறினோம். எம் மைத்துனர் துறையில் நின்று கையசைத்தார். எம் மனைவியார் தம் கைப்பையில் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்திருந்தார். மரக்கறி உண்போர்க்குக் கப்பலில் ரொட்டியும் வெண்ணெயும் உருளைக்கிழங்கும் குறைவின்றிக் கிடைத்தன. உணவைப் பற்றி இவ்வளவு போதும்.

அந்நாட்டுக் கரையின் அழகு எவ்வாறு அமைந்தது எனின், பண்டைக்காலத்தில் ஆயிரக்கணக்கான அடி கனமுள்ள பனியாறுகள் மலைகளை அரம்போல் அராவிக்கொண்டு கடலை நோக்கி நகர்ந்தன. பனி உருகி நீங்கியபின், அராவப்பட்ட பள்ளங்களிற் கடல் உட்புகுந்தது. அத்தகைய கடற்கால்களுட் பெரியதான சோக்னபியோர்ட் 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டினுள்ளே நீண்டு, ஏறத்தாழ 1,300 மீட்டர் ஆழம் உடையது. அதன் வாயிலை முதல் இரவே கடந்தோம். மலை நேரே நீரில் இறங்குகின்றது. இடையில் மணல் இல்லை, சமவெளி இல்லை. மலையடியில் ஒட்டினாற்போல் ஒரு சிவப்பு மரவீடு. அதன் வாயிலிற் படகு. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே முல்லையும் மருதமும் இருக்கவேண்டும் என்று மாணவர்க்கு இருபதாண்டு கற்பித்த எமக்கு, இரண்டும் இடைவெளியின்றிக் கைகோத்து நிற்பதைக் கண்டபோது திணைமயக்கம் என்பது ஏட்டுச் சொல் அன்று என்பது விளங்கிற்று.

மறுநாள் ஓலேசுண்ட் என்னும் நகரைக் கண்டோம். 1904-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓரிரவில் இந்நகர் எரிந்து, ஏறத்தாழப் பதினாயிரம் பேர் வீடிழந்தனர். மூன்றாண்டுகளுக்குள் கல்லால் மீண்டும் கட்டினர். கோபுரமும் பூவேலையுமாக ஒரே காலத்திற் பிறந்த உடன்பிறப்புக்கள் போல் வீடுகள் நிற்கின்றன. அன்று மாலை மோல்டே என்னும் ஊரைக் கடந்ததும், தீவுகளின் காவல் இல்லாத திறந்த கடல் வந்தது. அதன் பெயர் ஹுஸ்டட்விகா. பெயரைச் சொல்லும்போதே எமக்கு வயிறு கலங்குகின்றது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் யாம் படுக்கையில் வீழ்ந்தோம். எம் மனைவியாருக்கு ஒன்றும் இல்லை. அவர் எலுமிச்சை ஊறுகாயை எம் நாவில் தடவி, நெற்றியில் ஈரத்துணி இட்டு, நள்ளிரவு வரை அருகே அமர்ந்திருந்தார். எட்டாண்டுப் பணிவிடையிலிருந்து ஓய்வளிக்க அழைத்து வந்தவரை இரண்டாம் நாளே மீண்டும் பணிவிடை செய்யவைத்தோம். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

17-ஆம் நாள் காலை திரண்ட்ஹெய்ம். அந்நாள் அந்நாட்டினர்க்குத் திருநாள். 1814-ஆம் ஆண்டு அந்நாளிலேதான் அவர்கள் தம் அரசியற் சட்டத்தை வகுத்துக்கொண்டார்கள். அன்று அவர்கள் தெருவிற் படையை நடத்துவதில்லை. பள்ளிப் பிள்ளைகளை நடத்துகின்றார்கள். ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் கையிற் கொடியும் வாயிற் பாட்டுமாக, பள்ளிக்கொரு வாத்தியக் குழுவுடன் செல்ல, பெற்றோர் இருமருங்கும் நின்று ஆர்ப்பரித்தனர். ஆசிரியர்கள் வரிசையைச் சரிசெய்துகொண்டே ஓடினர். நம் சுதந்திர தின விழாவில் யாம் ஓடும் ஓட்டமே அது! யாம் எம்மை மறந்து ஊர்வலத்தின் பின்னே நடந்துகொண்டிருந்தோம். எம் மனைவியார் சட்டைக் கையைப் பற்றி இழுத்து, "கப்பலுக்கு இருபது நிமிஷந்தான் இருக்கிறது" என்றார். கப்பல் எவர்க்கும் காத்திராது. மூச்சிரைக்க ஓடி ஏறினோம், பாலம் தூக்கப்பட்டது. அவர் அன்று முழுவதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார் என்பதை அப்போதுதான் அறிந்தோம். அது மருந்து வேளை பார்த்த கண்.

மறுநாட் காலை வடமுனை வட்டத்தைக் கடந்தோம். ஒரு சிறு தீவின்மேல் உலக உருண்டை வடிவில் அடையாளம் நிறுத்தியிருக்கின்றார்கள். கடலரசன் வேடம் பூண்ட ஒருவர் பயணிகளின் பிடரியிற் பனிக்கட்டியும் நீரும் அள்ளி விடுவது வழக்கமாம். யாம் விலகி நின்றோம். எம் மனைவியார் முன்சென்று குனிந்து நின்று, நீர் விழுந்ததும் சிரித்தார். அவர் அவ்வாறு வாய்விட்டுச் சிரித்ததை யாம் கேட்டு நெடுநாளாயிற்று.

இவ்வளவு வடக்கே சென்றும் கடல் உறையாதிருப்பது ஏன் என்று ஐயம் எழும். அமெரிக்கக் கரையின் வெப்ப நாட்டிலிருந்து புறப்படும் கடல் நீரோட்டத்தின் ஒரு கிளை அட்லாண்டிக்கைக் கடந்து இக்கரையைத் தழுவிச் செல்கின்றது. அவ்வெம்மையால் துறைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. அவ்வெம்மையை நாடியே மீனும் வருகின்றது. மாரிதோறும் பேரன்ட்ஸ் கடலிலிருந்து 'காட்' என்னும் பெருமீன் முட்டையிட லோபோட்டன் தீவுகளை நாடி வருகின்றது. அதனைப் பிடித்து, உப்பிடாமல், வாலோடு வால் பிணைத்து மரச்சட்டங்களில் தொங்கவிடுகின்றார்கள். பிப்ரவரி முதல் மே வரை குளிர்காற்றே அதனை உலர்த்திவிடும். யாம் சென்றபோது அச்சட்டங்கள் நிறைந்திருந்தன. நாற்றம் கப்பல் வரை வந்தது. உணவால் எமக்கு அதனோடு உறவில்லை. எனினும் இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் கப்பலேறும் அக்கருவாடே அத்தீவுகளின் சோறும் துணியும் என்பதை அறிந்தபின் மூக்கைப் பொத்திக்கொள்ள மனம் வரவில்லை.

அன்றிரவு, இரவென்று சொல்லத்தக்க இருள் இல்லை. பதினொரு மணிக்குமேல் டிரோல்பியோர்ட் என்னும் குறுங்கால்வாயின் வாயிலுக்கு வந்தோம். வாயில் நூறு மீட்டர் அகலம், இருபுறமும் செங்குத்தான பாறை, மேலே பனி. 1890-ஆம் ஆண்டில் நீராவிப் படகு வைத்திருந்த செல்வர்கள் இவ்வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளேயிருந்த மீன் முழுவதையும் தமதாக்க முயன்றனராம். துடுப்புப் படகினராகிய ஏழைச் செம்படவர் திரண்டு போரிட்டு உட்புகுந்தனர். குன்னார் பெர்க் என்னும் ஓவியர் அதனைச் சித்திரமாக்கியுள்ளார். இவற்றையெல்லாம் யாம் ஊக்கத்தோடு எம் மனைவியாருக்கு விளக்கி, நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பதனையும் தொடங்கினோம். அவர் பாறையினின்று கண்ணை எடுக்காமலே, "சற்றுப் பேசாமல் இருங்களேன்" என்றார். இருபத்தோராண்டு இல்வாழ்க்கையில் அவர் எமக்கிட்ட முதற் கட்டளை அது. வாயடங்கினோம். பாறையிலிருந்து நீர் சொட்டும் ஒலி கேட்டது. முன்னர் அது எம் காதில் விழவேயில்லை.

19-ஆம் நாள் டிரோம்சோ. தென்முனையை முதன்முதல் எய்திய அமுந்சென் 1928-இல் விபத்துற்றோரைத் தேடி விமானத்திற் புறப்பட்டு மீளாது போனது இவ்வூரிலிருந்தே. அன்று மாலை கப்பல் புறப்பட்டபின், எம் மனைவியார் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேல்தட்டில் அமர்ந்தார். நள்ளிரவுச் சூரியனைக் கண்டல்லாது உறங்குவதில்லை என்றார். யாமும் அருகே அமர்ந்தோம்; பேசவில்லை. பன்னிரண்டரை மணிக்கு, வடதிசையில், திறந்த கடலின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் செம்பொன் தட்டுப்போற் கதிரவன் நின்றான். வீழ்வான் போலிருந்தான், வீழவில்லை. பக்கவாட்டில் நகர்ந்தான், பின் மெல்ல ஏறத் தொடங்கினான். மாலை எப்போது முடிந்து காலை எப்போது தொடங்கிற்று என்று எவராலும் சொல்லவொண்ணாது. "அப்படியானால் இன்றைக்கு விடியவே இல்லை" என்றார் அவர். சிறிது பொறுத்து, "உறக்கம் வருகிறது" என்றார்.

நாலரை மணிக்கு யாம் விழித்துப் பார்த்தோம். அவர் எழவில்லை. ஐந்து மணியளவில் கப்பல் ஹம்மர்பெஸ்டில் நின்றது. யாம் அவருக்குக் காட்டவேண்டுமென்று பெரிதும் விரும்பிய ஊர் அது. எழுப்பலாமா என்று கதவருகே நின்றோம். பின், செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு ஓசைபடாமல் வெளியேறினோம். தனியே துறையில் நின்று பார்த்தோம். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியப் படை பின்வாங்கியபோது, வடமாவட்டம் முழுவதையும் தீக்கிரையாக்கிற்று. ஏறத்தாழ 50,000 மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஹம்மர்பெஸ்டில் இடுகாட்டுச் சிறுகோயில் ஒன்றே எரியாது எஞ்சிற்று. யாம் கண்ட ஊர் முழுவதும் எம் தந்தையார் காலத்தில் மீண்டும் எழுந்தது.

பதினொரு மணிக்கு எம் மனைவியார் திடுக்கிட்டெழுந்து, "மணி என்ன? பகலா, இரவா?" என்றார். பகல் பதினொன்று என்றதும், எதனையோ மறந்துவிட்டவர்போல் எழுந்து நின்று, அறையைச் சுற்றிப் பார்த்தார். செய்யவேண்டுவது ஒன்றும் இல்லை. மீண்டும் கட்டிலில் அமர்ந்து சற்று நேரம் அழுதார். யாம் தேநீர் கொண்டுவந்து கொடுத்தோம். அதனை யாம் கொண்டுவந்ததும் அதுவே முதன்முறை என்று சொன்னால் நம் சகோதரிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அன்று ஹோனிங்ஸ்வாகில் இறங்கினோம். அவ்வூரிலும் 1944-இல் மாதாகோயில் ஒன்றே தப்பிற்று. திரும்பிவந்த மக்கள் முதலில் அதனுள்ளேயே குடியிருந்தனர். அங்கிருந்து பேருந்தில் வடமுனை எனப்படும் நார்ட்காப் சென்றோம். 71 பாகைக்கும் அப்பால், 307 மீட்டர் உயரப் பாறை. 1907-இல் சயாம் மன்னர் சூளாலங்கர்ணர் வந்து தம் பெயரைப் பாறையிற் பொறிக்கச் செய்தார். உண்மையில் பக்கத்திலுள்ள தாழ்ந்த முனை ஒன்று இதனினும் சிறிது வடக்கே நீண்டிருக்கின்றது. ஆனால் புகழ் உயர்ந்ததற்கே. எமக்குக் காற்றும் கூட்டமும் தவிர அங்கு வேறொன்றும் மனத்தில் நிற்கவில்லை.

அன்று நள்ளிரவு, பாட்ஸ்பியோர்ட் என்னும் மீன்துறையிற் கப்பல் நின்றபோது, முதிய அம்மையார் ஒருவர் பையுடன் ஏறினார். எம் மனைவியாரின் புடைவையைக் கண்டு நேரே வந்து, "தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்தவர். 1980-களில் இலங்கையிற் கலகம் மூண்டபோது ஈழத் தமிழர் பலர் இவ்வடகோடிக்கு வந்து மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தனர். பின்னர்ப் பெரும்பாலோர் தெற்கேயுள்ள நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இவர் பெயரவில்லை. இருபது வயதில் வந்து, முப்பதாண்டு மீன் அரிந்து, மூன்று மக்களைப் படிக்கவைத்தவர். கிர்க்கனஸில் மகள் வீட்டுக்குப் போகின்றார். "வந்த வருஷம் இரவு வரேல்லை எண்டு அழுதனான்; பிறகு பகல் வரேல்லை எண்டு அழுதனான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எம் மனைவியார் தம் உறக்கத்தைப் பற்றிக் கூச்சத்தோடு கூறியபோது, "நித்திரை வந்தாப் படுங்கோ தங்கச்சி. இஞ்ச மணி பார்த்தாச் சரிவராது" என்றார். மிஞ்சியிருந்த புளிக்காய்ச்சல் முழுவதும் அவர் பைக்குப் போயிற்று.

கிர்க்கனஸ், கெய்ரோவின் நெட்டாங்கு ஏறத்தாழ எதுவோ அதற்கு அண்மையில் உள்ளது. அத்துணை கிழக்கே வந்துவிட்டோம். இவ்வூர் போரிற் பெருங் குண்டுவீச்சுக்கு ஆளானது. 1944 இலையுதிர்காலத்தில் அருகிலுள்ள இரும்புச் சுரங்கத்தில் ஏறத்தாழ 3,000 மக்கள் ஒளிந்து வாழ்ந்தனர். அவ்விருளிற் பத்துக் குழந்தைகள் பிறந்தன. அக்டோபர் 25-ஆம் நாள் செஞ்சேனை ஊரை மீட்டது. யாம் நாளும் தொகையும் குறித்துக்கொண்டிருக்க, எம் மனைவியார் வழிகாட்டியிடம், "அந்தப் பத்துத் தாய்மாருக்கும் பத்திய உணவு யார் ஆக்கிப் போட்டார்கள்?" என்று கேட்கும்படி எம்மிடம் சொன்னார். யாம் ஆங்கிலத்திற் கேட்டோம். இதுவரை எவரும் இதனைக் கேட்டதில்லை என்றார் அவ்விளைஞர்.

திரும்பும் வழியில் ஒரு நயம் உண்டு. போகும்போது இரவிற் கடந்த துறைகளை வரும்போது பகலிற் காணலாம். கால அட்டவணையை அவ்வாறு அமைத்திருக்கின்றார்கள். ஹம்மர்பெஸ்டில் இருவரும் இறங்கி நடந்தோம். எரியாத சிறுகோயிலை அவரும் கண்டார். யாம் ஒன்றும் விளக்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் எம் சிறிய தந்தையார் வந்து, "பணத்தைக் கொட்டிப் போனீர்களே, என்ன கண்டீர்கள்?" என்றார்கள். எம் மனைவியார் வீட்டுக் கணக்கேட்டைக் கொணர்ந்து கொடுத்தார். அதன் பின்புறத்தில், முப்பத்துநான்கு துறைகளின் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே தாம் கண்டதைக் குறித்திருந்தார்: கொடி பிடித்த பிள்ளைகள், கருவாட்டுச் சட்டம், சிவப்பு வீடு. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படித்து வந்தார். ஓக்ஸ்பியோர்ட், ஹம்மர்பெஸ்ட், ஹாவோய்சுண்ட் என்னும் மூன்று பெயர்களுக்கு எதிரே விரல் நின்றது.

"இதென்னம்மா, 'உறங்கினேன்' என்று எழுதியிருக்கிறாய்? இவ்வளவு பணங் கொடுத்துப் போய் உறங்கினாயா?"

"ஆமாம் மாமா" என்றார் எம் மனைவியார். "நன்றாக உறங்கினேன்."